தீட்டுக்காசு வாங்கிய கண்ணாயிரம்

பெயர் கண்ணாயிரம். பிறந்த ஆண்டு 1936. ஊர் திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலை. தகப்பனார் முருகையன், விவசாயம். உடன்பிறந்தவர் ஒருவரே: அண்ணன் தருமன், ஐந்து வயது மூத்தவர். படிப்பு எட்டாம் வகுப்பு. 1958இல் கீழ்பென்னாத்தூர் ஜோதியம்மாளை மணந்தார். 1961 முதல் 1972 வரை திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் ஒரு தனியார் பேருந்துக் கம்பெனிக்குச் சீட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தார். 1972 ஆவணியில் அதை விட்டு, போளூர் சாலையில் சைக்கிள் கடையை ஒட்டிய அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, யாத்திரை வண்டி ஏற்பாடு செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய கடைசி யாத்திரை வண்டி புறப்பட வேண்டிய நாள் 18.2.1979, ஞாயிற்றுக்கிழமை, மாசி ஆறாம் தேதி. அந்த வண்டி புறப்படவில்லை.

சீட்டுக் கொடுக்கும் அறைக்கு முன்பக்கம் முழுவதும் கம்பி வலை. வலையின் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்குச் சதுர ஓட்டை. பதினோரு ஆண்டுகள் அந்த ஓட்டைக்கு உள்ளே உட்கார்ந்திருந்த கண்ணாயிரம் மனிதர்களைக் கைகளாகவே பார்த்தார். மண் ஒட்டிய கை, மருதாணிக் கை, சில்லறை குறைந்தால் நடுங்கும் கை. வேலையை விட்ட அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "இனிமே ஆளு மூஞ்சியப் பாத்து சீட்டுக் குடுப்பேன்."

முதல் யாத்திரை 1973 தை மாதம், இராமேசுவரத்துக்கு. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் கீழ்பென்னாத்தூர் வெள்ளையம்மாளும் அவள் கணவனும் உண்டு. புறப்படுவதற்கு முதல் நாள் கணவனின் சித்தப்பா இறந்துபோனார். பங்காளி வகையில் ஒரு சாவு விழுந்தால் அந்த வகையறா முழுவதற்கும் தீட்டு. காரியம் முடியும் வரை கோயில் வாசலை மிதிப்பதில்லை, புண்ணிய தீர்த்தத்தில் இறங்குவதில்லை. வெள்ளையம்மாள் விடியற்காலையில் தனியே நடந்துவந்து, வண்டியைத் தொட்டுவிடாத தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்றாள். "துட்டு கேக்க வரலீங்க. வண்டி போறதயாவது பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். வண்டி வாடகை முழுவதையும் முன்பே கட்டியிருந்த கண்ணாயிரத்தால் அவளுக்கு எதையும் திருப்பித் தர முடியவில்லை. இராமேசுவரம் போய்வரும் வரை அந்த இரண்டு இருக்கைகளிலும் எவரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தார்.

திரும்பி வந்த வாரத்திலேயே ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தார். கட்டணத்தோடு பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதற்குத் தீட்டுக்காசு என்று பெயர். ரசீதின் அடியில் ஒரு வரி அச்சிட்டார்: 'தீட்டு நேர்ந்து வர இயலாதவருக்குக் கட்டிய தொகை முழுதும் திருப்பித் தரப்படும்.' பயணத்துக்கு முந்தைய நிமிடம் சாவுச் செய்தி வந்தாலும் இது செல்லும்.

ஊர் சிரித்தது. சாவை வைத்துச் சூதாடுகிறான் என்றார்கள். ஆனால் முதன்முதலாக ஒரு வாணியர் தெருக் குடும்பம் தாயாதி ஒருவரைப் புதைத்துவிட்டு வந்து கேட்டபோது, அவர் மறுபேச்சில்லாமல் பணத்தைத் தட்டில் வைத்து நீட்டினார். சிரிப்பு அதோடு நின்றது. ஒரு வண்டியில் பல தெருக்காரர்கள், பல ஊர்க்காரர்கள், பல சாதிக்காரர்கள். ஒருவர் வீட்டுச் சாவு இன்னொருவரைத் தொடாது. ஒவ்வொரு பயணத்திலும் தீட்டு வந்து நின்றவர்கள் ஒருவர் அல்லது இருவர். சில பயணங்களில் அதுவும் இல்லை. மற்றவர்கள் கொடுத்த தீட்டுக்காசு அதற்குப் போதுமானதாக இருந்தது. ஐந்து ஆண்டுகள் இப்படியே ஓடின. வேங்கிக்காலில் ஒரு மனை வாங்கிப் போட்டார். ஜோதியம்மாள் அதில் கட்டப்போகும் வீட்டுக்குச் சமையலறை எந்த மூலை என்பது வரை முடிவு செய்துவிட்டாள்.

1978ஆம் ஆண்டு தொடக்கத்தில் அண்ணன் தருமன் அறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வேட்டி மடியில் வேர்க்கடலைத் தோல் ஒட்டியிருந்தது.

"எல்லா ஊருக்கும் வண்டி உடற. நம்ம ஊருக்கு எப்படா?"

"ஆளு சேந்தா உடறேன் அண்ணா."

"நான் சேக்கறேன். காசிக்கு உடு. அடுத்த சிவராத்திரிக்கு நம்ம வகையறா பூரா கங்கையில நிக்கணும். வேற ஆளு ஒருத்தன் இருக்கக் கூடாது. வண்டி பூரா நம்ம ஜனம்."

அடி அண்ணாமலையின் மேட்டுவீட்டு வகையறா பெரியது. இரண்டு தெருக்களில் இருந்த எல்லோரும் ஒரே பாட்டனின் வழி வந்தவர்கள். தருமன் வீடு வீடாகப் போனார். கடலை விற்ற வீட்டில் மொத்தமாகவும் மற்ற வீடுகளில் மாதத் தவணையாகவும் கட்ட ஏற்பாடானது. புரட்டாசி முடிவதற்குள் நாற்பத்திரண்டு இருக்கைகளும் நிரம்பின. கடைசி இரண்டு இருக்கைகள் தருமனுக்கும் அவர் மனைவி ஆதிலட்சுமிக்கும். ஒவ்வொருவரும் தீட்டுக்காசையும் சேர்த்தே கொடுத்தார்கள். தன் ஊர் தன்னை நம்பி ஒரு முழு வண்டியை ஒப்படைத்ததில் கண்ணாயிரத்துக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. அந்தப் பெருமையோடுதான் ஐப்பசியில் ஒருநாள் பெரியப்பா இருசப்பனைப் பார்க்கப் போனார்.

இருசப்பன் வகையறாவிலேயே மூத்தவர். எண்பத்து நான்கு வயது. வாசலில் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே தெரு முழுவதையும் அதட்டிக்கொண்டிருப்பார். காசிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டபோது, மலையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது போதும் என்று மறுத்துவிட்டவர்.

"இன்னாடா கண்ணாயிரம், வண்டி ரொம்பிடுச்சாமே?"

"ரொம்பிடுச்சு பெரிப்பா. நாப்பத்திரண்டும் நம்ம ஜனம்."

"தீட்டுக்காசும் வாங்கிட்டியா?"

"எல்லார் கையிலயும் வாங்கிட்டேன்."

"அப்ப நான் பூட்டா இன்னா பண்ணுவ?"

"எங்க போறீங்க? கூப்ட்டதுக்கு வரலன்னுட்டீங்களே."

"காசிக்கு இல்லடா. மேல." கிழவர் விரலை வேப்பமரத்துக்கு மேலே காட்டினார். "இந்த ரெண்டு தெருவுல எனக்குப் பங்காளி இல்லாதவன் எவன்டா? நான் கண்ண மூடினா நாப்பத்திரண்டு பேருக்கும் தீட்டு. அத்தினி பேருக்கும் நீ துட்டு எண்ணி வெக்கணும். நான் படுத்தா உன் வண்டியும் படுத்துடும்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நெடுநேரம் நிற்கவில்லை.

கண்ணாயிரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். இந்த ஊரில் யார் யாருக்குச் சித்தப்பா, யார் வீட்டுச் சாவுக்கு யார் மொட்டை போட வேண்டும் என்பதெல்லாம் பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரியும். தெரிந்தும், சீட்டு எழுதிய கை நாற்பத்திரண்டு இருக்கைகள் என்றே எழுதியிருந்தது. பிற ஊர்களில் ஒரு சாவு ஒரு வீட்டை நிறுத்தும். இங்கே ஒரு சாவு வண்டியையே நிறுத்தும். அப்படி நின்றால் வேங்கிக்கால் மனை போகும். ஜோதியம்மாளின் நகை போகும். அதற்கு மேலும் போகும். வாங்கிய பணத்தில் பெரும்பகுதி வேலூர் வண்டிக்காரரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் காலை வேலூருக்குப் போனார். வண்டி முதலாளியின் மேனேஜர் இராமலிங்கம் வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார்.

"தேதிய மாத்தணுமா? எதுக்குங்க?"

"மாத்தணும்னு இல்லீங்க. ஒருவேள மாத்த வேண்டி வந்தா..."

"எத்தினி மாநிலத்துக்குப் பர்மிட் எடுத்திருக்கோம் தெரியுமா? தேதி போட்டு எடுத்தது. சிவராத்திரிக்கு அப்புறம் வண்டி வேற பார்ட்டிக்குப் பேசியாச்சு. இன்னாங்க, யாராவது சாவப் போறாங்களா?"

"சேச்சே."

"பத்துப் பேர் வரலன்னா பத்துப் பேர வெளியில இருந்து ஏத்திக்குங்க. சுளுவு."

"எல்லாரும் ஒரே வகையறாங்க."

இராமலிங்கத்தின் தாடை நின்றது. "வண்டி பூராவா? அப்ப அது வண்டி இல்லீங்க, வூடு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார்.

அண்ணனிடம் பாதியைச் சொல்லிப் பார்த்தார். "பாதிப் பேர அடுத்த வண்டியில அனுப்பினா இன்னா அண்ணா? கீழ்பென்னாத்தூர்ல இருபது பேர் கேக்கறாங்க."

"வகையறாவ ரெண்டா வெட்டச் சொல்றியா? ரெண்டாவது பந்தியில உக்கார வெச்சாங்கன்னு மூணு வருசம் பேசாம இருந்த ஜனம் இது. எவன் மொத வண்டி, எவன் ரெண்டாவது வண்டி? நீயே போயி சகாதேவன்கிட்டச் சொல்லு. திரும்பி வர்றப்ப தலை இருக்குதான்னு பாப்போம்."

சகாதேவன் வகையறாவில் வாய்த்துடுக்குள்ளவர், ஆறு இருக்கைகள் எடுத்தவர். கண்ணாயிரம் அவரிடம் போகவில்லை. காரணத்தை எவரிடமும் வெளிப்படையாகச் சொல்லவும் முடியவில்லை. உயிரோடிருக்கும் பெரியவர் சாவார் என்று சொல்லி ஒரு நல்ல காரியத்தை மாற்றுவது அபசகுனம். தீட்டுக்காசைத் திருப்பிக் கொடுத்து, வாக்கை வாபஸ் வாங்கலாம். அதற்குப் பிறகு திருவண்ணாமலையில் அவரிடம் சீட்டு எடுக்க ஒரு கை நீளாது.

மிஞ்சிய வழி ஒன்றுதான். மாசி ஆறாம் தேதி வரை இருசப்பன் சாகக் கூடாது.

கண்ணாயிரம் டவுன் டாக்டரைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் அழைத்துக்கொண்டு போனார். ஹார்லிக்ஸ் பாட்டில், மஃப்ளர், கம்பளி, இருமல் மருந்து எல்லாம் போயின. பனி விழுகிறதென்று கட்டிலை வேப்பமரத்தடியிலிருந்து வீட்டுக்குள் தூக்கிப் போட்டார். மாலையில் அறையைப் பூட்டியதும் நேரே அடி அண்ணாமலைக்கு மிதித்துப் போய், கிழவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

கிழவருக்கு இது நன்றாகப் பிடித்துவிட்டது.

"ஈரல் வாங்கியா."

"டாக்டரு ஈரல் வாணாம்னாரு பெரிப்பா."

"அப்ப ஆசையிலயே செத்துடுவேன். பரவால்லயா?"

ஈரல் வந்தது.

"பீடி."

"இருமல் ஜாஸ்தியாவும்."

"பீடி இல்லன்னா மூச்சு உடறதுக்கே மனசு வரல. எப்படி உனக்கு வசதி?"

நாளுக்கு இரண்டு பீடி என்று பேசி முடித்தார்கள். கிழவர் மூன்றாவதற்கும் சண்டை போட்டார். "என் வயித்துல பொறந்த புள்ளைங்க கூட என்ன இப்படித் தாங்கல" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லும்போது ஒரு கண் கண்ணாயிரத்தின் மேல் இருக்கும். ஊர் அதை அப்படியே நம்பியது. தாய்மார்கள் தங்கள் மகன்களுக்குக் கண்ணாயிரத்தைக் காட்டிப் புத்தி சொன்னார்கள். தருமன் ஒருநாள் தம்பியின் தோளில் கைவைத்து, "அப்பா போனப்ப கூட நீ இப்படிப் பாக்கல. வயசு ஆவ ஆவ உனக்கு மனசு எளகுது" என்றார்.

ஜோதியம்மாளை மட்டும் ஏமாற்ற முடியவில்லை.

"எங்கப்பா மூணு மாசம் படுத்துக் கெடந்தாரு. ஒரு பன்னு வாங்கினு போயி பாக்கல நீங்க."

"அது வேற இது வேற."

"வேறதான். எங்கப்பாவுக்கு நாப்பத்திரண்டு சீட்டு இல்ல." சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். "இன்னிக்கு எப்படிக் கீறாரு?"

"ரெண்டு இட்லி சாப்ட்டாரு."

"நாளைக்கு நாலு குடுங்க" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. அன்று முதல் கிழவருக்கு இட்லி ஜோதியம்மாள் கையால்தான் போனது.

மார்கழிப் பனியைக் கிழவர் தாண்டினார். தை பிறந்தது. இருமல் குறைந்து முகத்தில் சதை கூட விழுந்திருந்தது. கண்ணாயிரத்துக்குத்தான் சதை கரைந்திருந்தது.

பிப்ரவரி 17, சனிக்கிழமை, முற்பகலில் வேலூர் வண்டி அடி அண்ணாமலைக்கு வந்து மேட்டுத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. முகப்பில் மாவிலை கட்டினார்கள். பம்பருக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். அரிசி மூட்டைகளும் அடுப்பும் மேலே ஏறின. மறுநாள் விடியற்காலையில் புறப்பாடு. கண்ணாயிரம் பிற்பகல் முழுவதும் இருசப்பன் பக்கத்தை விட்டு நகரவில்லை. இன்னும் ஓர் இரவு. அதற்குப் பிறகு எது நடந்தாலும் வண்டி ஆந்திராவுக்குள் இருக்கும். வழியில் செய்தி எட்டினாலும் அங்கேயே தலைமுழுகிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

மூன்று மணியளவில் தருமன் வாசலில் எட்டிப் பார்த்தார். தோளில் ஒரு சுருள் கயிறு.

"கெணத்து மோட்டாரு ஃபுட்வால்வு காத்து வாங்குது. எறங்கி ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன். நாம வர்றதுக்குள்ள கடலை காஞ்சிடும்."

"சீக்கிரம் வா அண்ணா."

"பெரியவர உட்டுட்டு எழுந்திரிக்க மாட்டியே நீ" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கண்ணாயிரம் கஞ்சியை ஆற்றி, ஸ்பூனில் எடுத்துக் கிழவர் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மேற்கே, கழனிப் பக்கத்திலிருந்து, பெண்கள் குரல் கிளம்பியது. மாரடித்து அழும் ஓலம். அந்த ஓலத்தைச் சாவுக்கு அல்லாமல் வேறு எதற்கும் எவரும் எழுப்புவதில்லை. கண்ணாயிரத்தின் கை நடுவழியில் நின்றது. கண் தானாகவே கிழவர் முகத்துக்குப் போனது. இருசப்பன் கஞ்சியை விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. உயிரோடிருந்தார்.

"அப்பாடா" என்றார் கண்ணாயிரம். வாய்விட்டே சொன்னார்.

மூன்று நான்கு மூச்சு விடும் நேரம் அவருக்குள் நிறைந்திருந்தது அந்த நிம்மதி ஒன்றுதான். சாவு வேறு எங்கேயோ விழுந்திருக்கிறது, இங்கே விழவில்லை. பிறகுதான் தெருவில் ஓடி வந்த ஒருவன் அண்ணன் பெயரைச் சொன்னான். கிணற்றுப் படியில் பாசி. தலை கல்லில் பட்டிருந்தது. தூக்கிப் போடும்போதே மூச்சில்லை.

ஸ்பூன் கீழே விழுந்தது. இருசப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவருக்குக் கண் மங்கலே தவிர, காது கூர்மை.

தருமனுக்கு இரண்டும் பெண்கள், கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கொள்ளி வைக்க வேண்டியவர் கண்ணாயிரம். ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி புறப்பட்டிருக்க வேண்டிய நேரத்துக்குச் சற்றுப் பின்னால், பாடை எடுத்தார்கள். வண்டி தெருவை அடைத்து நின்றதால் வழி இல்லை. டிரைவர் மாவிலைத் தோரணத்தோடு அதைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்ச் சாலை வரை ஒதுக்கினார். தீச்சட்டியோடு முன்னால் நடந்த கண்ணாயிரத்துக்குப் பின்னால் வகையறாவின் ஆண்கள் அத்தனை பேரும் நடந்து வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் கையெழுத்திட்ட ரசீது இருந்தது. அண்ணனைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். காலடிகள்தான் காதில் விழுந்தன.

மேட்டுவீட்டு வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. காரியம் முடியும் வரை பங்காளிகளுக்குள் கொடுக்கல் வாங்கல் பேச்சே எழக் கூடாது. ஆகவே பதினாறு நாளும் எவரும் வாய் திறக்கவில்லை. தினமும் மாலையில் துக்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். கண்ணாயிரத்துக்குச் சோறு போட்டுச் சாப்பிட வைத்தார்கள். அவர் தலை நிமிரும்போது எதிரே இருப்பவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார். யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு, கேட்கவில்லை. தானாக எடுத்துச் சொல்லவும் வழக்கம் இடம் கொடுக்கவில்லை. சிவராத்திரி அந்த நாட்களுக்கு நடுவில் வந்தது. யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, விருந்து முடிந்து, விடைபெறும் நேரம் வந்தது. சகாதேவன்தான் முதலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனச உட்டுடாத கண்ணாயிரம். நாங்க ஒண்ணும் கேக்கல."

"சரி மாமா" என்று உளறினார் கண்ணாயிரம். சகாதேவன் அவருக்கு மாமன் முறை அல்ல, சித்தப்பன் மகன்.

அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். "நாங்க ஒண்ணும் கேக்கல." அதற்கடுத்தவள், "இப்ப ஒண்ணும் கேக்கல" என்றாள். ஒரு வீடு பாக்கி இல்லாமல் எல்லோரும் வந்து, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாகச் சகாதேவன் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அவசரமில்ல. பங்குனி கடைசியில என் பொண்ணுக்குப் பாக்கு மாத்தறோம். அதுக்குள்ள ஆனாக்கூடப் போதும்."

கண்ணாயிரம் அங்கேயே எல்லோரையும் நிறுத்தி, ஒருவர் பாக்கி இல்லாமல் தந்துவிடுவதாகச் சொன்னார். அடுத்த சிவராத்திரிக்குப் போகலாமே என்று எவரும் சொல்லவில்லை. தருமன் சாவால் நின்றுபோன யாத்திரைக்கு மறுபடியும் வண்டி ஏற அந்த வகையறாவில் ஆள் கிடையாது.

வேலூர்க்காரர் வண்டி வாடகையில் கால்பங்கு அளவுக்குத் திருப்பிக் கொடுத்தார். பர்மிட் செலவு போக அதற்கு மேல் தர அவருக்குக் கடமையும் இல்லை. அதில் சகாதேவனின் ஆறு இருக்கைகள் தீர்ந்தன. ஜோதியம்மாளின் நகை அடுத்து. வேங்கிக்கால் மனையைப் பத்திரம் எழுதிக் கொடுத்த அன்று அவள் சார்பதிவாளர் ஆபீசுக்கு வரவில்லை. சமையலறை மூலைக்கென்று அவள் நட்டு வைத்திருந்த முருங்கைக் கிளை துளிர்த்திருந்ததாக வாங்கியவர் சொன்னார். போளூர் சாலை அறையைக் காலி செய்தார். 1979 ஆனியில் பழைய கம்பெனியிலேயே பழைய வேலைக்குச் சேர்ந்தார். கம்பி வலைக்குப் புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஓட்டை அதே ஓட்டை.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு தொகை சேரும்போதெல்லாம் பௌர்ணமி அன்று அடி அண்ணாமலைக்குப் போவார். மலை சுற்றுகிறவர்கள் தெருவழியே போய்க்கொண்டிருப்பார்கள். அவர் ஒரு வீட்டில் நுழைந்து, ஓர் இருக்கைக்கான பணத்தை வைத்து, ரசீதை வாங்கிக் கிழித்துவிட்டு வருவார். இல்லாதவர்கள் முதலில், வசதியுள்ளவர்கள் பிறகு, அண்ணன் வீடு கடைசியில் என்று வரிசை வைத்துக்கொண்டார்.

ஹார்லிக்ஸ் மாசியோடு நின்றிருந்தது. சித்திரையில், வேப்பமரத்தடிக்குத் திரும்பியிருந்த இருசப்பன் தெரு கேட்கவே கேட்டார்.

"இன்னாடா, டாக்டரு ஹார்லிக்ஸ் வாணாம்னாரா?"

கண்ணாயிரம் சைக்கிளைத் திருப்பினார்.

"காலு கையெல்லாம் போச்சு. காது மட்டும் நல்லாக் கேக்குதுடா எனக்கு" என்றார் கிழவர், மெல்லிய குரலில். "அன்னிக்கும் நல்லாத்தான் கேட்டுது."

அடுத்த பௌர்ணமிக்குப் பாட்டில் போனது. பிறகு மாதம் தவறாமல் போனது. ஊர் கண்ணாயிரத்தின் குணத்தைப் புகழ்வதை நிறுத்தவில்லை. கிழவர் 1983 புரட்டாசியில், எண்பத்து ஒன்பதாவது வயதில், தூக்கத்தில் இறந்துபோனார். அந்தச் சாவால் எந்த வண்டியும் நிற்கவில்லை. கண்ணாயிரம் வழக்கப்படி மொட்டை போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்தார். வலைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அவர் கை மட்டுமே தெரிந்ததால் எவரும் விசாரிக்கவில்லை.

1986 சித்திரையில் மிச்சமிருந்தது அண்ணன் வீடு மட்டுமே. இரண்டு இருக்கைகளுக்கும் பணத்தைத் தனித்தனியாக மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஆதிலட்சுமி முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். மகள்கள் வீட்டுக்குப் போகாமல் அந்த வீட்டிலேயே தனியாக இருந்தாள்.

"இது உங்குளுது அண்ணி. இது அண்ணனுது."

அவள் தன் கையில் ஒட்டிய கடலைத் தோலைத் தட்டிவிட்டு, ஒரு மடிப்பை மட்டும் எடுத்து இடுப்பில் செருகினாள்.

"அதயும் எடுத்துக்குங்க. இன்னியோட எல்லாம் தீந்துடும்."

"ரசீதுல இன்னா போட்டிருக்க? படி."

அவருக்கு அதைப் படிக்க வேண்டியதில்லை. "தீட்டு நேர்ந்து வர இயலாதவருக்கு..."

"எனக்குத் தீட்டு வந்துது. வாங்கிக்கினேன். செத்தவருக்கு ஏது தீட்டு?"

"அண்ணி, ஏழு வருசம் ஆச்சு. இத வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?"

ஆதிலட்சுமி முறத்தைக் கீழே வைத்தாள். "பெரிய மாமா சாவறதுக்கு நாலு நாளு முன்னாடி என்னக் கூப்ட்டுச் சொன்னாரு. மேக்கால ஒப்பாரி கேட்டப்ப உன் வாயில இன்னா வார்த்தை வந்துதுன்னு."

வெளியே ஒரு பேருந்து செங்கம் சாலைப் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. கண்ணாயிரம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரு என்று அவள் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"நான் உன்னத் திட்டல தம்பி" என்றாள். "திட்டணும்னா மூணு வருசம் முன்னாடியே திட்டியிருப்பேன். யாருக்கும் சொல்லவும் இல்ல. ஆனா அந்தத் துட்டு எனக்கு வாணாம். அது உன்கிட்டயே இருக்கட்டும்."

முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள். கண்ணாயிரம் மடிப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பிற்பகல் வேலைக்கு மணி இரண்டுக்குள் இருந்தாக வேண்டும்.

காசி யாத்திரை, 18.2.1979. விற்ற இருக்கைகள் 42. பணம் திருப்பித் தரப்பட்ட இருக்கைகள் 41.